ராஜாங்கம் பாதை

"எட்டடியா? இன்னாடா, தேரா ஓட்டப் போறீங்க?" என்றார் ராஜாங்கம்.

"பாடைங்க. ரெண்டு பக்கமும் தூக்குறவங்க நடக்கணும்ல" என்றான் சின்னதுரை.

களமருதூர் பக்கம் ராஜாங்கத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. அதற்கு அந்தப் பக்கம் காலனிக்காரர்களின் சுடுகாடு. நடுவில் வழி கிடையாது. யாராவது செத்தால் வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில், பிணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முப்பது வருடமாக வழி கேட்கிறார்கள். அவரும் முப்பது வருடமாக, "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார். எந்த அறுப்பு என்று மட்டும் சொன்னதில்லை.

இன்று சின்னதுரை வெறும் வாயால் கேட்கவில்லை. பத்திரத்தோடு மோட்டார் கொட்டகைக்கே வந்துவிட்டான். தன் கழனியில் கூலிக்கு நிற்பவனிடம் இத்தனை கச்சிதமான எழுத்தை எதிர்பார்க்காத ராஜாங்கம், மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்த வக்கீல் எழுதினது?"

"வக்கீலுக்கு நாங்க எங்கங்க போறது? செல்லுல ஏ.ஐ. எழுதிச்சு. நான் சொல்லிக்கினே இருந்தேன், எங்க பொண்ணு தமிழ்மொழிதான் அதுகிட்ட கேட்டு வாங்குச்சு."

"மெஷினுக்கு நம்ம வரப்பப் பத்தி இன்னா தெரியும்? சரி, நாளைக்கே நான் நெலத்த வித்துட்டா?"

"வாங்குறவரும் வழி வுடணும்னு அஞ்சாவதா போட்டிருக்குதுங்க."

"பயிர் நிக்கிறப்போ?"

"பயிர் நின்னாலும் வழி வுடணுங்க, அது ஆறாவது."

இவர் தடுக்கில் பாய்ந்தால் அது கோலத்தில் பாய்ந்தது. ராஜாங்கத்துக்கு எரிச்சல் வந்தது.

"எனக்கு இன்னாடா லாபம்?"

"அதையும் அதுவே கேட்டுச்சுங்க, நெலம் குடுக்கிறவருக்கு நீங்க இன்னா செய்வீங்கன்னு. பாதையோரம் வரப்பு ஒடைஞ்சா நாங்களே கட்டித் தர்றோம். அப்புறம், பாதைக்கு உங்க பேரு. போர்டு வெச்சிடுறோம்."

"சுடுகாட்டுக்கா என் பேரு?"

"சுடுகாடுன்னு எழுத மாட்டோம்ங்க. ராஜாங்கம் பாதை. அவ்ளோதான்."

பேராசை யாரை விட்டது? பேருக்கு ஆசையும் அப்படித்தான். ராஜாங்கம் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிடித்திருந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்கும் டீ ஊற்றினார். அவன் தொடவில்லை. பயல் பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"ஆறடி."

"எட்டுங்க."

"ஏழு. அதுக்கு மேல பேசாத."

"சரிங்க."

எட்டை அடித்து ஏழாக்கிக் கையெழுத்துப் போட்டார். மோட்டார் ஆள் பிச்சைமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

"திருப்தியா? இந்த அறுப்பு முடிஞ்சதும் பாதை போட்டுக்குங்க. இப்போ இன்னா அவசரம்?"

சின்னதுரை பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"இப்பவே வேணுங்க. விடிகாத்தால எங்கம்மா உசுரு போயிடுச்சு. மேளங்கூட அடிக்க வுடாம வெச்சிருக்கேன்."

ராஜாங்கம் எழுந்தேவிட்டார். "காசியம்மாளா? நாப்பது வருசம் என் கழனியில நாத்து நட்டவளாச்சேடா! வந்ததும் சொல்லியிருந்தா, மறுபேச்சு பேசாம வழி வுட்டிருப்பேனே!"

"தெரியுங்க" என்றான் சின்னதுரை. "எங்கம்மாவுக்கு மட்டும் வுட்டிருப்பீங்க."