எண்பத்து மூன்று ஹிஸாம்கள்

"பிரிட்டன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடிட்டேன். ஹிஸாம்னு குடும்பப் பேர் வச்சிருக்கிறவங்க மொத்தமே எண்பத்து மூணு பேர். பர்மிங்ஹாம்ல அறுபத்தொண்ணு, கார்டிஃப்ல என் தம்பி குடும்பம் பதினாறு, இந்த சவுத் ஷீல்ட்ஸ்ல ஆறு. அந்த ஆறு நீங்க. அந்த ஆறுதான் இடிக்குது."

ஃபாரிஸ் ஹிஸாம் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை விரித்து வைத்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று இரண்டு வருஷமாக அலைகிறவர். இதைச் சொல்லவென்றே பர்மிங்ஹாமிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார்.

எதிரே அந்த வீட்டுப் பெண் ஹனான் கைகட்டி நின்றாள். போன மாதம் இதே மனுஷர் போனில், "உங்க படமெல்லாம் அனுப்புங்க, புத்தகத்துல போடணும்" என்றதும், அண்ணன் குழந்தைக்குப் புதுச்சட்டை மாட்டிப் படமெடுத்து அனுப்பியவள் அவள்தான்.

"என்ன மாமா இடிக்குது?"

"ஏமன்ல போய்க் கேட்டா இப்படி ஒரு குடும்பப் பேரே கிடையாதும்மா. கப்பல்ல கரி அள்ளிப் போட வந்தார் எங்க தாத்தா தாபித். பேர் கேட்டதுக்கு, தன் பேரையும் வாப்பா பேரையும் சேர்த்து 'தாபித் ஹிஸாம்'னு சொல்லியிருக்கார். துறைமுகக் குமாஸ்தா ஹிஸாமைக் குடும்பப் பேராக்கிட்டான். ஆக, இந்தப் பேர் அவரோட ரத்தத்துக்கு மட்டும்தான்."

"அவர் எங்க உம்மாவுக்கும் தாத்தாதானே? உம்மா வழியிலதானே எங்களுக்கும் இந்தப் பேர்?"

ஃபாரிஸ் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது எங்க வாப்பா சாலிஹ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொண்ணு, மார்ச். இது உங்க உம்மாவோட வாப்பா கமால். அதே வருஷம் ஜூலை. ரெண்டு பேருக்கும் தகப்பன் தாபித், தாய் எல்ஸி. ஒரே தாய்க்கு நாலு மாசத்துல ரெண்டு பிள்ளையா?"

ஏலக்காய் டீயோடு உள்ளே வந்த ஹனானின் உம்மா ஜமீலா, சான்றிதழ்களை நகர்த்திவிட்டுத் தட்டை வைத்தாள்.

"நீங்க கண்டுபிடிச்சது சரிதான் அண்ணே. ஒண்ணு எடுத்து வளர்த்த பிள்ளைதான்."

"உம்மா!"

"நீ சும்மா இரு. தாத்தாவோட கூடக் கப்பல்ல வேலை பார்த்தவர் ஒருத்தர். சண்டையில குண்டு விழுந்து கப்பலோட போயிட்டார். அவர் பொஞ்சாதியும் பிரசவத்துல போயிட்டா. பிள்ளையை அநாதை விடுதிக்குக் கொண்டுபோக ஆள் வந்து நிக்குது. தாத்தா அதுக்குள்ள ஓடிப்போய், 'என் பிள்ளை'ன்னு எழுதி வச்சுட்டு வந்துட்டார்."

ஃபாரிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐவேளை தொழுதவர். பிறத்தியார் பிள்ளைக்குத் தன் பேரைக் கொடுக்க மார்க்கத்துல இடமில்லைன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் வெளிய மூச்சு விடலை. 'மறுமையில நான் பதில் சொல்லிக்கிறேன்'னாராம்."

ஃபாரிஸ் மறுபடியும் இரண்டு தேதிகளையும் பார்த்தார்.

"மூத்தவர் எங்க வாப்பா. அப்ப பின்னாடி வந்தவர்தான்..." ஃபாரிஸுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "உன் மனசு நோகணும்னு சொல்லலை ஜமீலா."

"டீ ஆறுது அண்ணே."

அவர் குடித்தார். இரண்டாவது கோப்பையும் குடித்தார். தேன் ஊற்றிய ரொட்டியில் பாதியைக் காலி செய்துவிட்டு, பெருந்தன்மையாக ஒரு முடிவும் சொன்னார்.

"ரெண்டு பேரும் எல்ஸிகிட்ட ஒண்ணாப் பால் குடிச்சு வளர்ந்தவங்க. மார்க்கப்படி அதுவும் உறவுதான். உங்களைக் கடைசிப் பக்கத்துல 'பால்குடி உறவினர்'னு போட்டுடறேன். வம்ச மரத்துல மட்டும் சேர்க்க முடியாது. தப்பா நினைக்காதே."

"அதுவே பெரிசு அண்ணே. பெருநாளைக்குப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிட்டு வாங்க."

வாசலில் அவர் ஹனானின் தலையில் கைவைத்து துஆ செய்தார். கண் கலங்கியிருந்தது. ஹனான் மரம் மாதிரி நின்றாள்.

கதவு சாத்தியதும் வெடித்தாள்.

"கடைசிப் பக்கமா? காலமெல்லாம் தாபித் ஹிஸாம் கபுருக்குப் போய் ஃபாத்திஹா ஓதினது நாம. ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பாரா இந்த மனுஷர்? நீ ரொட்டி ஊட்டி அனுப்புறே."

ஜமீலா உள்ளே போனாள். துணி அலமாரியின் அடியிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்து வந்தாள்.

"அந்தக் கப்பல்ல போனவர் இவர்தான். எங்க வாப்பா மவுத்தாகிறதுக்கு முன்னாடி எங்கிட்ட கொடுத்தது."

ஹனான் எரிச்சலோடுதான் வாங்கினாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் ஏமன்காரர். ஒட்டிய புருவம். விடைத்த காது. இடது கண் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்த முகம்தான் இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்து இரண்டு கோப்பை டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

"உம்மா, அப்ப தாத்தா எடுத்து வளர்த்தது ஃபாரிஸ் மாமாவோட வாப்பாவையா? இதை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்க வேண்டாமா?"

"நாம ஆறு பேர் மரத்துக்கு வெளிய நிக்கலாம். அவங்க எழுபத்தேழு பேர் எங்கடி போவாங்க?"

"அதுக்காக, உண்மையான ஹிஸாம் நாமன்னு..."

"மெதுவாப் பேசு," என்று ஜமீலா படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். "அண்ணன் இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார்."