அவரிடம் மட்டும்

“அவர்கிட்ட மட்டும்தாங்க பேசணும். உங்ககிட்ட சொல்லக் கூடாது.”

கணவரின் செல்போனில் ஓர் இளம் பெண்ணின் குரல். தேன் தடவிய குரல். டெய்லரம்மா தையல் மிதியிலிருந்து காலை எடுத்தாள். பாதித் தையலில் ஊசி துணிக்குள்ளேயே நின்றது.

உள்ளறையில் அவள் கணவர் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். இருபத்தைந்து வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவருக்கு இப்போது படுத்தால் மூச்சு வருவதில்லை. இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, இந்த மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டை விற்றாலும் அந்தச் செலவில் பாதிக்குக் காணாது. அரசாங்கக் காப்பீட்டு அட்டை ஒன்றுதான் துணை. அது கைக்கு வந்த அன்றே லேமினேஷன் போட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியவள் அவள்தான். “இனி ஆயுசுக்கும் கவலையில்லை” என்று அன்று அவர் சிரித்ததும் நினைவிருக்கிறது.

“அவர் தூங்கறாரு. நீ யாருன்னு சொல்லும்மா” என்றாள்.

“நான் அவர்கிட்டயே சொல்லிக்கறேங்க. நாப்பத்தொன்பது வயசுதானே அவருக்கு?”

டெய்லரம்மா இணைப்பைத் துண்டித்தாள். கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அது அவருடைய தாயார் வாயாலேயே கேட்ட கணக்கு. ஓர் ஆண்பிள்ளை தன் வயதில் மூன்றை எங்கே விழுங்குவான், யாருக்காக விழுங்குவான் என்பது அவளுக்குத் தெரியாததன்று.

டாக்டர் ஓய்வு சொன்ன நாள் முதல் அவருடைய செல்போன் அவள் வசம் இருந்தது. போன் கைமாறிய பிறகல்லவா குட்டு வெளிப்படுகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கக் கூடாது; சொல்லிவிட்டாள். “நெஞ்சுல அடைப்புன்னாங்களே, உள்ள யாரு உக்காந்திருக்கான்னு இப்பத்தானே தெரியுது” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரிப்பு அடங்கிய பிறகு, அந்த எண்ணிலிருந்து இனி அழைப்பே வராதபடி தடுக்கவும் சொல்லிக் கொடுத்தாள்.

தடுத்தால் வேறு எண்ணிலிருந்து வந்தது. அதையும் தடுத்தால் மற்றொன்றிலிருந்து. ஒரு முறை, அப்படி ஒருவரே இங்கு இல்லை என்றாள். இன்னொரு முறை, குடும்பத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பே என்று தொடங்கி, அச்சிலேற்ற இயலாத சொல்லொன்றில் முடித்தாள்.  அந்தக் குரலோ, அவர் எழுந்ததும் தயவுசெய்து ஒரு நிமிடம் போனை அவரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டது. அந்த அடக்கம் பொறுக்காமல் அந்த எண்ணையும் தடுத்தாள்.

கணவரிடம் கேட்டுவிடலாம். கேட்டு, அந்தப் பழுதான நெஞ்சு படபடத்து நின்றுவிட்டால்? கேள்வியை விழுங்கிக்கொண்டு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். தண்ணீர் டம்ளரை மட்டும் சற்று ஓங்கி வைத்தாள்.

“என்ன, தையக்கூலி எவனாவது ஏமாத்திட்டானா?” என்று கேட்டார் அவர்.

“ஏமாத்தறவங்க எங்கெல்லாமோ இருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

ஆஸ்பத்திரியில் சேரும் நாள் விடிந்தது. வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. மாற்றுத் துணி, டம்ளர், மேலாக அந்த அட்டை என்று பை தயாராயிருந்தது. சட்டையின் கடைசிப் பொத்தானை அவள் போட்டுவிடும்போது போன் அடித்தது. புதிய எண், பழைய குரல்.

மார்பைப் பிளக்கப் போகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு முன்பே தெரிந்துவிடட்டும் என்று தோன்றியது அவளுக்கு.

“இந்தாங்க, உங்க ஆளு. பேசுங்க. நானும் கேக்கறேன்.”

“எந்த ஆளு?” என்று விழித்தார் அவர். அவள் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

“சார், நீங்கதானா? ஒரு நிமிஷம், உங்க பிறந்த வருஷம் மட்டும் சொல்லுங்க.”

அவர் சொன்னார். டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவர் பிறந்த வருடமன்று. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்ட வருடம். காகிதங்களில் மட்டும் அவருக்கு மூன்று வயது குறைவு.

“சரியா இருக்கு சார். இப்ப சொல்லலாம். நான் காப்பீட்டு அலுவலகத்துலேருந்து பேசறேன். உறுப்பினரைத் தவிர யார்கிட்டயும் விவரம் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. நீங்க அட்டையைப் புதுப்பிக்கல. கெடு நேத்தோட முடிஞ்சு போச்சு, இனிமே அது செல்லாது. புதுசா சேர்ந்தாலும் மூணு மாசம் கழிச்சுத்தான் சிகிச்சைக்கு உதவும்.”

ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். கணவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். பேச மூச்சைத் திரட்ட வேண்டியிருந்தது.

“ஏம்மா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நேத்துவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் சார் இருந்தேன்.”