தூங்குமூஞ்சி மேனேஜர்

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் திரையை அக்கவுன்டன்ட் பக்கம் திருப்பினார்.

"'தூங்குமூஞ்சி மேனேஜர்'னு ஒரு வலைப்பூ. மீட்டிங்ல நான் குறட்டை விட்டது, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு வந்தது, எல்லாம் இதுல இருக்கு. யார் எழுதுறது?"

"சத்தியமா நான் இல்லை சார்."

"படிக்கிறீங்களா?"

"ஆபீஸே படிக்குது சார். சாப்பாட்டு நேரத்துல பேச்சே அதுதான்."

"சிரிப்பீங்களா?"

"வயிறு வலிக்கச் சிரிப்போம் சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலை போச்சு என்றே நினைத்தார். ஆனால் மேனேஜர் கோபப்படவில்லை. அந்தத் தைரியத்தில் அக்கவுன்டன்ட் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"நீங்க கவலையே படாதீங்க சார். எழுதுறவனுக்கு இப்பல்லாம் சரக்கு தீர்ந்துபோச்சு. நேத்து குடையைத் தொலைச்ச கதைன்னு ஒண்ணு போட்டிருந்தான், சுத்த அறுவை. ஒருத்தரும் சிரிக்கலை."

மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

"நீங்க போகலாம்."

அக்கவுன்டன்ட் வெளியேறியதும் மேனேஜர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தான் திருத்தித் திருத்தி எழுதிய குடைக் கதையை இன்னொரு முறை படித்தார். இரண்டு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது.

"ரசனை கெட்ட ஜென்மங்க," என்று முனகிக்கொண்டே பதிவை அழித்தார்.