ஹவில்தாரின் விசாரணை

ராக்கன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபடி வருவதைப் பார்த்ததும், பள்ளிக்கூட வாசலில் நின்ற கூட்டம் இரண்டடி விலகி இடம் விட்டது.

"செத்தான்" என்று யாரோ நிம்மதியாகச் சொன்னார்கள்.

வடநாட்டு ஆள் ஒருவனைக் கொடிக்கம்பத்தோடு சேர்த்து நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். சத்துணவுக் கூடத்துச் சுவரோரம் அரை மணி நேரமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். இலுப்பூர் பக்கம் பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருப்பதாக அன்று காலையில்தான் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செந்தமிழன்தான் ஆளைப் பிடித்தவன். ஊரில் இந்தி தெரிந்தவர் ராக்கன் ஒருவர்தான் என்பதால் அவனே போன் போட்டு அவரை வரச் சொன்னான். ராக்கன் இருபத்து நாலு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வீட்டுக்குள் திரும்பியவர், அப்படியே கிளம்பி வந்திருந்தார்.

"வாங்கண்ணே. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான். ரெண்டு போடு போட்டாத்தான் சரிப்படுவான்."

"போட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. ஒங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்."

அதற்குள் ராக்கனின் போன் அடித்தது. மணி ஒன்று. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சரண்யா இந்த நேரத்துக்குக் கூப்பிடாவிட்டால் அவருக்கு ஓடாது.

"என்ன கொழம்பு?... ம்... மோர் ஊத்திக்கிட்டியா?... சரி, வை."

அவ்வளவுதான். எல்லையிலிருந்து வீட்டுக்குப் பேசிய காலத்திலும் இதற்கு மேல் பேசியதில்லை என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

போனைப் பையில் போட்டுவிட்டு, அந்த ஆளின் முகத்துக்கு நேரே போய் நின்றார். இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. அந்த மொழியை அவர் பரேடு மைதானத்தில் கற்றவர். அதை மெதுவாகப் பேச அங்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். ராக்கன் அதையே மறுபடியும் கேட்டார். அவன் தயங்கி இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டு பிள்ளையாம்" என்றது கூட்டம்.

பிறகு அவன் சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னான். கண் கலங்கியிருந்தது.

"ஒத்துக்கிட்டான்" என்றான் செந்தமிழன். நாலைந்து கைகள் ஓங்கின. ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

ராக்கன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் சொன்னதைத் தமிழில் சொல்லவில்லை. ஒருத்தன் தலை குனிந்து சொன்னதை ஊருக்கு முன்னால் எடுத்துச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"யாரும் தொடாதீங்க. இவன் எம் பொறுப்பு. வீட்டுக்குக் கொண்டு போயி, செய்ய வேண்டியத நான் செஞ்சுக்கிறேன்."

சொன்ன விதத்தில் ஓங்கிய கைகள் தானாக இறங்கின. செருப்பும் காலுக்குத் திரும்பியது. ராக்கன் அவன் பிடரியில் கை வைத்து நடத்திப் போய், தன் மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

செந்தமிழனுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பட்டாளத்து அடி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தான். ஆள் செத்துப் போனால் சாட்சிக்குத் தன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ராக்கன் வீட்டுக்கு ஓடினான்.

வாசலிலேயே ராக்கனின் அதட்டல் கேட்டது. நடுவில் அந்த ஆள் விம்மி அழும் சத்தம். செந்தமிழன் உள்ளே போகலாமா என்று நிற்கும்போதே, ராக்கனின் மனைவி அமிர்தவல்லி கையில் கத்தியோடு வேகமாக வெளியே வந்தாள்.

"மதினி, வேணாம் மதினி. போலீஸ்ல ஒப்படைச்சுருவோம்."

"எதை ஒப்படைக்க? அங்கிட்டுத் தள்ளுங்க தம்பி. கூட்டியாந்த மேஸ்திரி விட்டுட்டுப் போயி ரெண்டு நாளாச்சாம் அவனுக்கு."

சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். செந்தமிழன் அந்த ஆள் காட்டியதைப் போலவே இரண்டு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். கொல்லையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, எலை ரெண்டு அறுக்கவா, மூணு அறுக்கவா?"

ராக்கன் வாசலுக்கு வந்தார். செந்தமிழனை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே கேள்வியை, அதே சத்தத்தில், இவனுக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டார்.

"சாப்பிட்டியா?"