ஒன்பதரையிலிருந்து பத்து வரை

சங்கிலி ஜெபத்தில் என் நேரம் காலை பத்து மணி. அது எனக்கு ஞாபகம் வந்தபோது மணி ஒன்றே கால்.

அறுப்பின் பண்டிகைக்காகக் கோயில் வாசலில் கரும்பு கட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை அப்படியே விட்டேன். கரும்பெல்லாம் சரிந்து விழுந்தது.

"ஐயோ, இயேசப்பா!"

நிஸ்ஸிக்கு நாலு வயது. எங்கள் சபையை நடத்தும் உபதேசியாரின் ஒரே பிள்ளை. இதயத்தில் ஓட்டை. ஒன்பதரைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். பாதிக்குப் பாதிதான் நம்பிக்கை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு அரை மணி நேரம், எங்கள் வில்லாபுரம் சபையில் யாராவது ஒருவர் அவளுக்காக முழங்காலில் நிற்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது.

பட்டியல் போட்டது நான். பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஹெப்சிபா என்றால் சும்மாவா?

விதி போட்டதும் நான்தான். தன் நேரம் முடிந்ததும் அடுத்த ஆளுக்குப் போன் போட வேண்டும். அவர் "ஆரம்பிச்சுட்டேன்" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். போன தடவை இரண்டு பேர் நன்றாகத் தூங்கிவிட்டார்கள். அதனால் வந்த விதி.

என் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. காலையிலிருந்து பந்தல்காரர், மைக் செட், பாத்திரக் கடை என்று ஆண்டவருக்காகத்தான் அலைந்தேன். ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போனை எடுத்தேன். தவறிய அழைப்புகள் இருபது.

மூன்று டார்க்கஸ் அக்காவுடையவை. எனக்கு அடுத்த நேரம் அவருக்கு. 'உன் போனுக்காகப் பதினொரு மணி வரை பார்த்தேன். வேலைக்குக் கிளம்புகிறேன்' என்று செய்தி வேறு.

அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் இப்படித்தான் ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போட்ட விதி அப்படி.

ஒரு மணிக்கு உபதேசியார் அனுப்பிய செய்தியும் இருந்தது. 'இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். ஜெபம் பண்ணிக்கொண்டே இருங்கள்.'

அந்தப் பச்சைப் பிள்ளையின் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மூன்றே கால் மணி நேரமாக அவளுக்காக ஒருத்தரும் இல்லை.

மீதிப் பதினேழு அழைப்பும் ஆட்டோக்காரர் சோலையுடையவை. சாயங்காலம் பாத்திரம் ஏற்ற வரச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் பிந்தும் என்று காலை ஒன்பதே காலுக்கே அவரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பிறகு எதற்கு இத்தனை தடவை? இந்த மனிதருக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எனக்கு முந்தின நேரமாவது ஒழுங்காக நடந்ததா என்று பார்த்தேன். ஒன்பதரைக்கு நிற்க வேண்டிய எலிசபெத்துக்குக் காய்ச்சல். அதனால் கடைசி நிமிடத்தில் சாலமோன் அண்ணனுக்குப் போன் போட்டு அந்த நேரத்தை அவர் தலையில் கட்டியிருந்தேன். அவருக்கு நானே சொல்லிவிட்டேன், நேரம் முடிந்ததும் எழுந்திருக்கலாம் என்று ஒன்பது மணி ஆளுக்குச் செய்தியும் அனுப்பியிருந்தேன்.

சாலமோன் அண்ணனிடமிருந்து ஒரு அழைப்புகூட இல்லை.

இன்னும் கீழே தள்ளிப் பார்த்தேன். ஒன்பது இருபதுக்கு நான் போட்ட போன் சாலமோன் அண்ணனுக்குப் போகவே இல்லை.

அவரிடம் முந்தின நாள் இரவு பேசியிருந்தேன். அழைப்புப் பட்டியலில் அவர்தான் முதலில் இருப்பார் என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே மேலே இருந்த பெயரை அழுத்தியிருக்கிறேன். நடுவில் சோலை கூப்பிட்டது என் புத்தியில் இல்லை.

என்ன பேசினேன் என்பது இப்போது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

"அண்ணே, சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷன். ஒன்பதரைக்கு நீங்க முழங்கால் போட்டு ஜெபம் பண்ணணும். நான் 'ஆரம்பிச்சுட்டேன்'னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"நானாக்கா?"

வண்டிச் சத்தத்தில் யார் குரல் என்று கவனித்தால்தானே.

"நீங்கதாண்ணே! சாக்குச் சொல்லாதீங்க. கடவுளுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை வைத்துவிட்டேன்.

சோலைக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அக்கா, ஆரம்பிச்சுட்டீங்களா? நான் எந்திரிக்கலாமா?"

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

வண்டியூர் தெப்பக்குளம் ஆட்டோ ஸ்டாண்டில், தன் வண்டியின் பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில், ஒன்பதரையிலிருந்து முழங்காலில் நிற்கிறார். வந்த சவாரியை எல்லாம் பக்கத்து வண்டிக்கு அனுப்பிவிட்டாராம். கண்ணாடிக்கு மேலே மாரியம்மன் படம் ஒட்டிய ஆட்டோ அது.

"உங்க ஜெபம் எல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. 'பிள்ளையக் காப்பாத்து, பிள்ளையக் காப்பாத்து'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். தப்பில்லயே? பிள்ள பேரு என்னக்கா?"

"நிஸ்ஸி."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எந்திரிங்கண்ணே. நான் ஆரம்பிச்சுட்டேன்."

"நீங்க பண்ணுங்கக்கா. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு எந்திரிக்கிறேன். இப்பத்தான பேரே தெரிஞ்சிருக்கு."

போனை வைக்க மறந்துவிட்டார்.

கோயில் வாசலில், ஸ்கூட்டர் பக்கத்தில், கரும்புத் தோகைமேல் முழங்கால் போட்டேன். போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பக்கம் சோலை, எதிரில் நிற்கும் ஒருவரிடம் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"பேரு நிஸ்ஸியாம்."