ஆபீஸ் மூடும் நேரம்

"இன்னும் எவ்வளவு நேரந்தான் உயிர விடாம இழுத்துக்கிட்டு கெடக்கும்? ஒரேயடியா போய்த் தொலைஞ்சா எல்லாருக்கும் நிம்மதி!"

கணக்கு டீச்சர் கத்திய கத்தலில் மேல் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தே விட்டார். யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கிடந்ததென்னவோ மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர்தான்.

சரியாகச் சொன்னால், அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கணவனுக்கு ஆபீஸில் போட்டுக் கொடுத்தது. பகலெல்லாம் அவன் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் ஆன்லைன் டியூஷனுக்கு அவள் உட்கார வேண்டும். உள்ளே இருப்பது அணைந்தால்தான் வெளியே இருப்பதற்கு மூச்சு வரும். இல்லாவிட்டால் பாதி வகுப்பில் அவள் முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

முன்பெல்லாம் சட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச காலமாகத்தான் இந்த அழிச்சாட்டியம்.

"ஒயரப் பிடுங்கி விட்டுடறேன், சனியன!"

"ஐயோ, அதுல கை வைக்காத. ஆபீஸ் ஃபைல் எல்லாம் கெட்டுப் போயிடும். தானா அணையும், விடு." கணவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அந்த நிதானம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்கும் லேட்டானா வேற டீச்சர் பாத்துக்கறோம்னு பிள்ளைங்களோட அம்மாங்க சொல்லிட்டாங்க. என் வேலைன்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா?" என்றாள் மூடிய கதவைப் பார்த்து. உள்ளே தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

இனி இந்த மனுஷனை நம்பிப் பயனில்லை. அணையும்போது ஒரு பட்டனைத் தட்டினால் உள்ளே என்ன நடக்கிறதென்று காட்டும் என எங்கோ படித்திருந்தாள். தட்டினாள். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்து வரிவரியாக எழுத்துகள் வந்தன. ஆபீஸ் சர்வரைக் கூப்பிடுகிறது, அனுமதி இல்லை. மறுபடி கூப்பிடுகிறது, அனுமதி இல்லை. பூட்டிய வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிற மாதிரி, விடாமல்.

ஓகோ, கோளாறு அங்கேதானா! திரையின் ஓரத்தில் ஆபீஸ் உதவி மையத்தின் எண்ணும் அவன் ஊழியர் எண்ணும் ஒட்டியிருந்தன. உடனே கூப்பிட்டாள். அங்கே போனை எடுத்த பெண்ணை எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அங்க என்ன ஆபீஸா நடத்துறீங்க? நாள் பூரா மனுஷன் உங்களுக்காக மாடா உழைக்கிறாரு. கடைசியில அந்த மெஷின நிம்மதியா மூடக்கூட விடமாட்டேங்கறீங்க! உங்க சர்வரால இங்க என் பொழப்பு போகுது!"

எதிர்முனைப் பெண் பதறாமல் ஊழியர் எண்ணைக் கேட்டாள். டீச்சர் அதையும் சுடச்சுடச் சொன்னாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன, தட்டிக்கிட்டே இருக்கீங்க? பதில் சொல்லும்மா!"

"மேடம்… சார் இங்க வேலைய விட்டு நின்னு ரொம்ப நாளாச்சே."