மயில்கழுத்து நிறம்

"பாதாளத்துக் கல்லுடி அது! நம்ம பொண்ணு சொன்னதுதான் சரி. தேய்ச்சுக் காட்டு!"

"சபையில அவளப் பாத்து சிரிச்சப்ப எங்க போச்சு இந்த வாய்?"

கல்லூரியில் பாறைப் பாடம் நடத்தும் கல் வாத்தியார் வீட்டில் சண்டை என்றால் தெருவில் ஒருவரும் ஜன்னலைச் சாத்துவதில்லை. மற்ற வீடுகளில் நகைக்கும் நாத்தனாருக்கும் அடித்துக்கொள்வார்கள். இங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கல்லுக்கு.

எரிமலை கக்கிய கறுப்புக் கல்லுக்குள் புளியங்கொட்டை அளவில் வெளிறிய வேற்றுக்கல் ஒன்று. பூமியின் அடிவயிற்றிலிருந்து நெருப்புக் குழம்போடு ஏறி வந்ததா, வழியில் பாறைச் சுவரிலிருந்து பிய்ந்து வந்ததா? அடிவயிறு என்றாள் மகள். சுவர் என்றார் அப்பா, ஊர்ப்பட்ட அறிஞர்கள் முன்னால், நக்கலாக.

அப்பா வாயை அடைக்கிறேன் பார் என்று அதே மாதிரி இன்னொரு கல்லுக்காக எரிமலைக் கூம்பில் ஏறினாள் மகள். சரிவு பெயர்ந்தது.

அவள் உடலைக் கீழே கொண்டுவந்தவர்கள் அவள் கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த கல்தான் இது.

அன்றிலிருந்து வாத்தியார் கட்சி மாறிவிட்டார்.

கல்லைச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்ப்பது ஆய்வுக்கூடத்தில் அம்மாவின் வேலை. சற்று அசந்தால் கல் போய்க் கண்ணாடிதான் மிஞ்சும். தன் கைக்கு அப்படி ஒருநாளும் ஆனதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

மூக்கைச் சிந்திவிட்டு, ஆய்வுக்கூடம் போய்த் தேய்ப்புச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். அறுக்கும்போதே பாதி உதிர்ந்து, ஒரே ஒரு சீவல்தான் தேறியது. தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஆழத்துக் கல்லென்றால் மயில்கழுத்தாய் மின்ன வேண்டும்; சுவர்க் கல்லென்றால் வெறும் சாம்பல் நிறம்.

சாம்பல்.

திருப்பினாள். அப்போதும் சாம்பல்.

"என்னம்மா தெரியுது?" இத்தனை நேரம் கத்திய மனுஷன் முதுகுக்குப் பின்னால் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்."

சக்கரம் சுற்றியது. அவள் கையை எடுக்கவில்லை.

நின்றபோது கண்ணாடி மட்டும் இருந்தது.

"கை தவறிடுச்சுங்க. அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். என்னா நிறம்! அவ சொன்னதுதான்."

வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்த மாதமே தன் தம்பி வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சரியாகச் சொன்ன பிள்ளையை ஏளனம் பண்ணியே மலையேற்றிவிட்டேன், இனி உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றாராம். அவள் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.